காலையில் மட்டும் பிடிக்க மறுக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

திருக்கடலூரான்

வணக்கம். திருகோணமலை, திருக்கடலூர்க் கரையில் 18 அடி ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறேன். பூட்டியிருப்பது 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், கயிறு இழுத்துக் கிளப்புவது. பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வழக்கமான ஏற்பாடுதான். மாற்றுத் திருகு பின்பலகையின் உட்புறத்தில் இருக்கிறது. அங்கிருந்து எஞ்சினுக்கு ஒரே குழாய் போகிறது.

இரவு முழுவதும் ஆறிக் கிடந்த எஞ்சின் விடியற்காலையில் லேசில் பிடிப்பதில்லை. காற்றைக் குறைக்கும் சோக்கை முழுவதும் இழுத்து, எண்ணெய் ஏற்றும் ரப்பர் பந்தை இறுகும்வரை அமுக்கி, தோள் நோக இழுத்தாலும் 'புஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். பிளக் இரண்டையும் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போட்டால் ஒருவழியாகப் பிடிக்கும். பிடித்த பிறகும் சிறிது நேரம் ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல் தடுமாறுகிறது. சூடேறிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடலில் நிறுத்தி, வலையை வாங்கிவிட்டு இழுத்தால் முதல் இழுப்பிலேயே பிடிக்கிறது.

கழற்றிய பிளக்குகள் இரண்டும் கறுத்து ஈரமாக இருக்கின்றன. முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணக்கிறது. புதுப் பிளக் போட்டேன். சில நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடிதான். கராஜில் காட்டியபோது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் (coil) பலவீனமாக இருக்கலாம், மாற்றிப் பார்ப்போம் என்றார்கள். விலையைக் கேட்டதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கரைக்கு வருமுன் பெற்றோலுக்கு மாற்றித்தான் நிறுத்துகிறேன். அதில் ஒருநாளும் தவறியதில்லை.

நான் படகு வைக்கும் இடத்தில் இறங்குமேடை கிடையாது. மணலிலிருந்து தள்ளி, அலை உடைகிற இடத்தைக் கடந்ததும் எஞ்சின் பிடித்தாக வேண்டும். தென்மேற்குக் காற்று வீசும் சோழகக் காலத்தில் எங்கள் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும். நின்று நிதானமாக இழுக்கலாம். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கிவிட்டால் அதற்கு வழியில்லை. எஞ்சின் பிடிக்காத படகை அடுத்த அலை குறுக்கே திருப்பிவிடும். வலையும் போகும், ஆளுக்கும் ஆபத்து. என்னோடு வருகிற மைத்துனன் தொழிலுக்குப் புதியவன். வாடைக்கு முன் இதைத் தீர்த்துவிட வேண்டும் என்று கிடந்து தவிக்கிறேன். செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட்டில் 340 ரூபாய் ஆனதே, அன்றிலிருந்து வீணாகிற ஒவ்வொரு சொட்டையும் எண்ணித்தான் தொழில் நடக்கிறது. ஊகத்தில் காயில் வாங்கிப் போட என்னிடம் வசதியில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியாக்காரன்

தம்பி, காயிலுக்குக் காசு கொடுக்குமுன் காசில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். பெற்றோல் தாங்கியின் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு முழுவதும் திறந்திருக்கிறதா? உப்பு ஏறி அதன் துளை அடைத்துக்கொண்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் வராது. ரப்பர் பந்தை அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்க, நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். படுக்கையில் கிடந்தால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடாது. இறுகியதுபோல் இருந்தாலும் காற்று நிற்கும்.

அடுத்தது சோக். குமிழை முழுவதும் இழுத்தால் சோக் முழுவதும் மூடிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எஞ்சின் மூடியையும் காற்று உள்ளே போகும் பெட்டியையும் கழற்றி, ஒருவரைக் குமிழை இழுக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெயையும் காற்றையும் கலக்கும் கார்புரேற்றரின் வாயில் இருக்கும் தட்டு விளிம்போடு விளிம்பு ஒட்ட வேண்டும். என் எஞ்சினில் இணைப்புக் கம்பியின் முனை தேய்ந்து, தட்டு கொஞ்சம் திறந்தே நின்றது. ஆறின எஞ்சினுக்கு அந்த இடைவெளி போதும், பிடிக்காது.

இன்னொன்று. அவசரத்தில் சிலர் வெறும் பெற்றோலைக் கார்புரேற்றர் வாயில் ஊற்றி இழுப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒயில் கலக்காத பெற்றோல் சிலிண்டர் சுவரைக் கழுவிவிடும். பின்னடித்தால் முகத்துக்கு நேரே தீ வரும்.

நிலாவெளிப் படகு

அண்ணா, நான் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றுகிறவன். என்னுடையது பெற்றோல் எஞ்சின். நவம்பர் வந்தால் படகைக் கரையேற்றிவிடுவோம், பங்குனி சித்திரையில்தான் திரும்ப இறக்குவோம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் சொல்கிற இதே தொல்லைதான் எனக்கு. காரணம் கார்புரேற்றரின் கிண்ணத்தில் மிஞ்சிய பெற்றோல். அது ஆவியாகி, பசைபோன்ற படிவை விட்டுவிடும். மெதுவாக ஓடும்போது எண்ணெய் விடுகிற சின்ன ஜெட்டின் துளை மயிரளவுதான். முதலில் அடைபடுவது அதுதான். கழற்றி, கார்புரேற்றர் திரவம் அடித்து ஊதினால் சரியாகிவிடும். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், துளை பெருத்தால் ஜெட்டே போய்விடும். இப்போது படகை ஏற்றுமுன் எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன், கிண்ணம் காய்ந்துவிடும். உங்களுக்கும் ஜெட்தான் என்று நினைக்கிறேன்.

பழைய மெக்கானிக்

தம்பி திருக்கடலூரான், காயிலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பிளக்கில் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த வரி போதும். பெற்றோலில் நிறுத்தி, பெற்றோலில் கிளப்புகிற எஞ்சினில் காலையில் மண்ணெண்ணெய் மணக்க நியாயமே இல்லை. எங்கிருந்தோ வருகிறது. அந்த வழியை அடைத்தால் உங்கள் தொல்லை தீரும்.

நிலாவெளித் தம்பி சொன்னது அவருடைய எஞ்சினுக்கு முழுக்கச் சரி. மாதக்கணக்கில் சும்மா நிற்கும் எஞ்சினுக்கு அதுதான் முதல் நோய். உங்களுடையது அநேகமாகத் தினமும் ஓடுகிறது. சின்ன ஜெட் அடைபட்டிருந்தால் சூடேறிய பிறகும் மெதுவாக விடும்போது நின்று நின்று போகும். அப்படி ஒரு குறை நீங்கள் சொல்லவில்லை. காயிலும் அப்படித்தான். பழுதாகத் தொடங்கிய காயில் பெரும்பாலும் சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். ஆறியிருக்கும்போது நன்றாக அடித்து, ஓட ஓட விட்டுப்போகும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது.

பொறி பற்றவைப்பது திரவத்தையல்ல, ஆவியை. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்குக் குறைந்தது 38 பாகைச் சூடு வேண்டும். விடியற்காலையில் நம் கரையில் நிற்கிற எஞ்சினின் உலோகம் 25 பாகை அளவில் இருக்கும். அந்த உலோகத்தில் பட்ட மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே நனைந்து நிற்கும், பிளக்கின் முனையையும் நனைத்துவிடும். கடலில் வலை வாங்கிவிட்டு இழுக்கும்போது அதே உலோகம் நன்றாகச் சூடாக இருக்கிறது. கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் ஆவியாகிப் பற்றிவிடும். மண்ணெண்ணெய் எஞ்சினில் அமுக்கமும் பெற்றோல் எஞ்சினைவிடக் குறைவாகத்தான் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே தட்டும். ஆகவே ஆறிக் கிடக்கையில் பெற்றோல் எஞ்சினுக்கு இருக்கிற தாராளம் இதற்கு இல்லை. சுத்தமான பெற்றோல் கொடுத்தால்தான் பிடிக்கும்.

நீங்கள் மாற்றித்தான் நிறுத்துகிறீர்கள் என்பதை நம்புகிறேன். ஆனால் திருகின் கைப்பிடி பெற்றோல் பக்கம் நிற்பது ஒன்று, கார்புரேற்றருக்குப் பெற்றோல் போவது வேறொன்று. இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

முதலாவது, திருகுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் குழாய். 2 மீற்றர் நீளமும் 8 மில்லிமீற்றர் உள்விட்டமும் இருந்தால் அதற்குள் ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் எண்ணெய் நிற்கும். வடிகட்டியும் கார்புரேற்றர் கிண்ணமும் வேறு. நீங்கள் திருகைத் திருப்பும் நொடியில் அவ்வளவும் மண்ணெண்ணெய்தான். அது எரிந்து தீர்ந்த பிறகுதான் பெற்றோல் வந்து சேரும். கரைக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, அலைக்கு ஏற்றபடி மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும்போது மாற்றினால் 100 மில்லிலீற்றர் தீர நாலைந்து நிமிடம்கூட ஆகும். பாதி வேகத்தில் வரும்போதே மாற்றிவிட்டால் அது விரைவில் தீரும். பிறகு மெதுவாக ஓடுகிற நேரம் முழுவதும் பெற்றோல் உள்ளே போய், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் அறையின் சுவரில் படிந்திருக்கும் மண்ணெண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் அந்த அறை வழியாகத்தானே சிலிண்டருக்குப் போகிறது, அதனால் இது முக்கியம்.

இரண்டாவது, அந்தத் திருகேதான். உள்ளே துளைகள் உள்ள ரப்பர் பேக்கிங் ஒன்று இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறி, உப்பில் காய்ந்து, திருப்பித் திருப்பித் தேய்ந்து, துளைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் மெலிந்துபோகும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. கைப்பிடி பெற்றோலில் நிற்கும்போதே எஞ்சினின் பம்ப் இரண்டு பக்கத்திலிருந்தும் உறிஞ்சும். இறக்கண்டியிலிருந்து மூதூர் வரை படகு எஞ்சின்களோடு என் காலம் போனது. மண்ணெண்ணெய் எஞ்சின் காலையில் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால் நான் கையைக் கொண்டுபோவது இந்தத் திருகுக்குத்தான்.

இப்போது சோதனை. விடியற்காலையில், எதையும் இழுக்குமுன், கார்புரேற்றர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிதிருகைத் தளர்த்திச் சிறு கிண்ணத்தில் கொஞ்சம் பிடியுங்கள். பெற்றோல் தாங்கியிலிருந்தும் தனியாகக் கொஞ்சம் எடுங்கள். நிழலில், வெள்ளையாக ஏதாவது ஒரு தட்டில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் விடுங்கள். பெற்றோல் சொட்டின் விளிம்பு கண்முன்னே சுருங்கும். கலந்திருக்கும் ஒயிலின் மெல்லிய கறை மட்டும் மிஞ்சும். மற்றச் சொட்டும் அதேபோலச் சுருங்கினால் நான் சொன்னது தவறு, நிலாவெளித் தம்பியின் வழியில் போங்கள். அது அகலப் பரவி ஈரமாகவே கிடந்தால் கிண்ணத்தில் இருப்பது மண்ணெண்ணெய் கலந்தது.

கலப்பு என்று தெரிந்தால் திருகைச் சோதியுங்கள். எஞ்சின் பக்கத்துக் குழாயைக் கழற்றி, முனையை ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விடுங்கள். கைப்பிடியைப் பெற்றோலில் வையுங்கள். பிறகு மண்ணெண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தை அமுக்குங்கள். பந்து இறுக வேண்டும். குழாயில் மிஞ்சியிருந்தது வடிந்த பிறகு போத்தலில் ஒன்றும் விழக்கூடாது. அமுக்க அமுக்கச் சொட்டினால் பேக்கிங் போய்விட்டது.

அதுவரை காலையில் எஞ்சினைக் கிளப்ப ஒரு வழி: கிண்ணத்தை வடித்துவிட்டு, பந்தை அமுக்கிப் புதுப் பெற்றோல் ஏற்றுங்கள். பிளக் இரண்டையும் கழற்றிவிட்டுச் சில தடவை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். அப்போது நிறுத்தும் சாவியின் கயிற்றைக் கழற்றி வைத்திருங்கள், பொறி அடிக்கக்கூடாது. மின்னணுப் பற்றவைப்புள்ள எஞ்சினில் பிளக் தொப்பிகள் அந்தரத்தில் தொங்க, பொறியோடு இழுப்பது பற்றவைப்புப் பெட்டிக்கும் கெடுதி. பிறகு காய்ந்த பிளக் இரண்டைப் போட்டு இழுங்கள். கடலுக்குப் போகும்போது காய்ந்த பிளக் ஒரு சோடியும் பிளக் கழற்றும் சாவியும் மூடி இறுகிய டப்பாவில் எப்போதும் இருக்க வேண்டும்.

கிண்ணியா நானா சொன்ன சோக் தட்டையும் பாருங்கள். அது என் கணக்கில் இரண்டாவது சந்தேகம்.

திருக்கடலூரான்

ஐயா, நானா, நிலாவெளித் தம்பி, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தேன்.

சொட்டுச் சோதனையைச் சோற்றுத் தட்டின் பின்புறத்தில் செய்தேன். ஐயா சொன்னதுபோலவே பெற்றோல் சொட்டு ஓரத்திலிருந்து சுருங்கி, விரல் வைத்தால் ஒயில் பிசுபிசுப்பு மட்டும் தெரிந்தது. கிண்ணத்திலிருந்து எடுத்த சொட்டு தட்டில் அகன்று, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் ஈரமாகவே கிடந்தது. மைத்துனனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பிறகு போத்தல். கைப்பிடி பெற்றோலில் நிற்கிறது, மண்ணெண்ணெய்ப் பந்தை அமுக்குகிறேன், போத்தலின் உட்சுவரில் கோடு பிடித்து இறங்குகிறது. எவ்வளவு அமுக்கினாலும் பந்து இறுகவே இல்லை. திருகைக் கழற்றினோம். வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்த சாமான், உள்ளே ரப்பரில் இரண்டு துளைகளுக்கு நடுவே நகம் பிடிக்கிற ஆழத்தில் ஒரு பள்ளம். மண்ணெண்ணெய் அந்த வாய்க்கால் வழியாகத்தான் பெற்றோல் பக்கம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. டவுனில் பேக்கிங் மட்டும் கிடைத்தது. நான் அஞ்சிய செலவில் அது ஒரு சிறு பங்குகூட இல்லை.

சோக் தட்டிலும் ஒரு பக்கம் மெல்லிய இடைவெளி இருந்தது. நானா சொன்ன கம்பியைச் சற்று வளைத்ததும் ஒட்டிக்கொண்டது.

இப்போது காலையில் முதல் இழுப்பிலோ அடுத்ததிலோ பிடிக்கிறது. திரும்பி வரும்போது கோணேசர் மலை பக்கவாட்டில் வந்ததும், வேகத்தைக் குறைக்குமுன், பெற்றோலுக்கு மாற்றிவிடுகிறேன்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிடித்தவுடன் அந்தத் தடுமாற்றம் குறைந்திருக்கிறது, ஆனால் முழுவதும் போகவில்லை. பிளக்கைப் பார்த்தால் இன்னும் கறுப்புத்தான், ஈரம் மட்டும் இல்லை. கடையில் கேட்டபோது 'இதுவும் அதே பிளக்தான்' என்று கொடுத்தார்கள். அதில் பி8எச்எஸ்-10 என்று இருக்கிறது. எஞ்சினோடு வந்த பழைய பிளக்கில் 8 இருந்த இடத்தில் 7. இதனால் வித்தியாசம் வருமா?

பழைய மெக்கானிக்

வரும், தம்பி. அந்த வகை எண்ணில் நடுவில் இருக்கும் இலக்கம் பிளக்கின் சூட்டைக் குறிப்பது. பிளக் செய்கிற என்ஜிகே கம்பனியின் கணக்கில் இலக்கம் கூடக்கூடப் பிளக் குளிர்ந்தது. 7 தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்கிற இடத்தில் 8 அந்தச் சூட்டை விரைவாகச் சிலிண்டர் தலைக்கு விட்டுவிடும், கரி தங்கிவிடும். மெதுவாக ஓடி, வலை வாங்கி, நிறுத்தி நிறுத்திச் செய்கிற தொழிலுக்கு 8 பொருந்தாது. கடைசியில் இருக்கும் 10 என்பது முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி, 1.0 மில்லிமீற்றர். அது இரண்டிலும் ஒன்றுதான், அதனால்தான் பார்வைக்கு ஒரே பிளக்காகத் தெரிகிறது. கைநூலில் உங்கள் மாதிரிக்கு என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். இன்னும் சூடானது நல்லது என்று 6க்குப் போக வேண்டாம், பிஸ்டன் தலை உருகும்.

ஒயில் எப்படிக் கலக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கைநூலில் 50க்கு 1 என்றிருந்தால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குவளையால் ஊற்றுங்கள். கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நம் கரையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தக் கூடுதல் ஒயில்தான் பிளக்கிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படிகிறது. படகு ஒயில் என்றே விற்கும் டிசி-டபிள்யூ3 வகைதான் வேண்டும், மோட்டார் சைக்கிள் ஒயில் வேண்டாம்.

7 போட்டு, ஒயிலையும் அளந்து ஊற்றிய பிறகும் தடுமாறினால் இரண்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் மானியால் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் வளையம் கரியில் ஒட்டியிருக்கலாம். அளந்த எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.